உயிரோடு இருக்கலாம்

இல்லீங்க ஐயா, சொன்னத மாத்திச் சொல்லுங்கன்னு கேக்க நான் வரல. மாத்தினது நீங்க. மத்தியானம் எங்க பேப்பர் ஆசிரியருக்குப் போன் போட்டு, இனிமே என் பேரப் போடாதீங்கன்னு சொல்லிட்டீங்களாம். அதக் கேட்டுதான் கையில இருந்த வேலைய அப்படியே போட்டுட்டு பஸ் ஏறினேன். கோபமா? சேச்சே, உங்க மேல எனக்கு என்ன கோபம். நீங்க வாயத் தெறக்கலேன்னா இத்தனை நாள் எங்களுக்கு எழுதறதுக்கே ஒண்ணும் இருந்திருக்காது.

உக்கார்றேன், உக்கார்றேன். அம்மா, தண்ணி மட்டும் போதும்மா. டீ எல்லாம் போட்டுக்கிட்டு நிக்காதீங்க, நான் சீக்கிரம் திரும்பணும், நாளைப் பேப்பரோட பக்கத்த மூடிடுவாங்க.

நான் ரிப்போர்ட்டர் இல்லீங்க. உங்ககிட்ட தினமும் போன்ல பேசறாரே, கீச்சுக் குரல்ல, அவர் வேற. நான் டெஸ்க்ல உக்கார்றவ. ஊர் சுத்தி அவங்க கொண்டு வந்து கொட்டறத வெட்டி, ஒட்டி, இங்கிலீஷ நிமித்தி, தலைப்பு போட்டு பக்கத்துல ஏத்தறது என் வேலை. என் பேர் பேப்பர்ல எங்கயும் வராது. எங்க வீட்டுக்காரரோட சொந்தக்காரங்க பாதிப் பேர் நான் பேப்பர் ஆபீஸ்ல டைப் அடிக்கறேன்னுதான் இன்னமும் நினைச்சுட்டிருக்காங்க. இந்தச் சுரங்கச் செய்தி மொத நாள்லேர்ந்து என் கைலதான் இருக்கு.

மொத நாள் நீங்க என்ன சொன்னீங்கன்னு உங்களுக்கே ஞாபகம் இருக்கும். மலையக் குடைஞ்சு ரயிலுக்குப் பாதை போடறாங்க, பாறை சரிஞ்சு வாய அடைச்சுக்கிச்சு, ஆறு பேர் உள்பக்கம் மாட்டிக்கிட்டாங்க. அந்தச் சுரங்கத்துக்குள்ள காத்துக் குழாய் எப்படிப் போகணும்னு வரைஞ்சு குடுத்துட்டு ரிட்டயர் ஆனவர் நீங்க. உங்களத் தேடிப் புடிச்சு ரிப்போர்ட்டர் கேட்டார். பக்கச் சுவத்துல ஒரு அறை மாதிரி குடைஞ்சிருக்கோம், மண்ணு வண்டி வந்தா ஒதுங்கி நிக்கறதுக்கு. காத்துக் குழாய் அத ஒட்டித்தான் போகுது. பாறை விழறப்ப அதுக்குள்ள ஓடிப் பூந்துட்டாங்கன்னா உயிரோட இருக்கலாம். இதத்தானே சொன்னீங்க. அந்த இருக்கலாமுக்கு நாங்க இங்கிலீஷ்ல மே போட்டோம். மே பி அலைவ். உங்க பேர், நீங்க பாத்த உத்தியோகம், எல்லாம் போட்டு. அன்னிலேர்ந்து தினமும் முதல் பக்கத்துல அந்த மே நின்னுட்டிருக்கு. நீங்க இன்னிக்குப் பேர உருவிட்டீங்கன்னா, அது பொத்துன்னு விழுந்துடும். அதச் சொல்லத்தான் வந்தேன்.

ஏன் விழணும்னா கேக்கறீங்க? அது எங்க தொழில்ல ஒரு வழக்கம், வெளில இருக்கறவங்களுக்குத் தெரியாது. பேப்பர் இங்கிலீஷ்னு ஒண்ணு தனியா இருக்கு ஐயா. அதுல எதையும் நேரா சொல்ல மாட்டோம். மந்திரி பதவி போகப் போகுதுன்னு ஊரே சொல்லும், நாங்க போகலாம்னு எழுதுவோம். வங்கி வட்டிய ஏத்தலாம், மழை வரலாம், பேச்சுவார்த்தை நடக்கலாம், நடக்காமலும் போகலாம். எல்லாமே வழவழா கொழகொழாதான். எங்க வீட்டுக்காரர் கேலி பண்ணுவார், நேத்து பேஞ்ச மழையையாவது பேஞ்சதுன்னு எழுதுவீங்களா, இல்ல அதுவும் பேஞ்சிருக்கலாமான்னு. சிரிங்க, பரவால்ல. ஆனா ஒண்ணு. அந்த மேங்கற வார்த்தைய நாங்களா நினைச்சு நினைச்ச எடத்துல போட முடியாது. அதுவும் உசுரு சம்பந்தப்பட்டதுல. இருக்கலாம்னு சொல்றதுக்கு ஒரு ஆள் வேணும். விஷயம் தெரிஞ்ச ஆள், பேரோட, மொகத்தோட. நாளைக்கு எவனாவது வந்து சட்டையப் புடிச்சா, இவர் சொன்னார்னு கை காட்டணும். ஆள் இல்லாத மே எங்க ஆபீஸ்ல வாசப்படி தாண்டாது.

வேற ஆளத் தேடாமலா இருப்போம்? காலேஜ்ல பாறையப் பத்திப் பாடம் நடத்தற ஒருத்தர் இருக்கார். நான் உள்ள போய்ப் பாக்கலியேங்கறார். யார்தான் உள்ள போய்ப் பாத்திருக்கா, போய்ப் பாக்க முடிஞ்சா இத்தனை ரகளை எதுக்கு? ஒரு டாக்டர், மனுஷன் சாப்பாடு இல்லாம எத்தனை நாள் தாங்குவான்னு கேட்டா, அது அவங்கவங்க உடம்பப் பொறுத்ததுன்னு சொல்லிட்டு, என் பேரு வேணாம்னுட்டார். சுரங்கம் தோண்டற கம்பெனியக் கேட்டா அறிக்கை வரும்னு சொல்றாங்க. எல்லாரும் பட்டும் படாம நழுவறாங்க. நெஞ்சத் தொட்டு பேரோட சொன்னது நீங்க ஒருத்தர்தான்.

அப்ப அதுக்குப் பதிலா என்ன போடுவாங்கன்னா? அதுதான் தயாரா இருக்கே. ஃபியர்டு டெட். ராத்திரிப் பக்கத்துக்குப் பொறுப்பா ஒருத்தர் இருக்கார், நாங்க கத்திரிக்கோல்னு கூப்பிடுவோம், அவர் மூணு நாளாவே அந்தத் தலைப்ப அளவெடுத்து வச்சிருக்கார். பத்திக்குள்ள அழகா உக்காருதாம். செத்திருப்பாங்கன்னு அஞ்சப்படுகிறதுன்னு தமிழ்ல போடுவாங்களே, அதேதான். அதுல வேடிக்கை என்ன தெரியுமா? அதுக்கு ஆள் வேணாம். யார் அஞ்சினாங்கன்னு யாரும் கேக்கறதில்ல. இருக்கலாம்னு சொல்ல ஒரு மனுஷன் பேர் வேணும், செத்திருக்கலாம்னு சொல்ல ஒரு பேரும் வேணாம். இத்தனை வருஷமா அந்த மேசைல உக்காந்திருக்கேன், இது எவ்ளோ அநியாயம்னு இந்த வாரந்தான் எனக்கே உறைச்சுது.

ஒரு தடவை மட்டும் ஒருத்தி கேட்டா. படகு கவுந்து போச்சு, புருஷன் உள்ள. எங்க பேப்பர்ல காலைல ஃபியர்டு டெட் வந்துச்சு. மத்தியானத்துக்குள்ள இரங்கல் அறிக்கை, சாயங்காலத்துக்குள்ள தேடப் போன படகெல்லாம் கரைக்கு வந்துடுச்சு. அவ மகள் இங்கிலீஷ் படிக்கற பொண்ணு போலிருக்கு, படிச்சு அர்த்தம் சொல்லியிருக்கா. அடுத்த வாரம் இந்தம்மா எங்க வரவேற்பறைல வந்து உக்காந்துக்கிட்டு, பயப்படறதா போட்டிருக்கீங்களே, யார் பயந்தாங்க, அவங்கள நான் பாக்கணும்னா. பயந்தவங்களா இருந்தா தேடியிருப்பாங்களேன்னா. காவலாளி அக்காதான் நல்ல வார்த்தை சொல்லி அனுப்பி வச்சாங்க.

அதுதான் ஐயா நான் சொல்ல வர்றது. மே அச்சுல நிக்கற வரைக்கும் அங்க துளை போடற மெஷின் ஓடும். தினமும் காலைல அங்க மீட்பு வேலைய நடத்தற அதிகாரி கூட்டம் போடறார்ல, அவர் கைல எங்க பேப்பர்தான் இருக்கும். கம்பெனி ஆள் வந்து, சார், இதுக்கு மேல துளை போட்டா மேல இருக்கற பாறையும் சரியும், கான்கிரீட் ஊத்தி மூடிட்டு பாதைய வேற பக்கம் திருப்பிடலாம்னு தினமும் காதைக் கடிக்கறான். அவர் பேப்பரக் காட்டறார். காத்துக் குழாய வரைஞ்சவரே இருக்கலாம்னு சொல்றார்யா, நான் எப்படி நிறுத்தச் சொல்றதுங்கறார். அவர் ஒண்ணும் பெரிய தைரியசாலி இல்ல. அவருக்கும் கை காட்ட ஒரு ஆள் வேணும். அந்த ஆள் நீங்க. நாளைக்கு உங்க பேர் இல்லேன்னா, நாளன்னிக்கு லாரில சிமெண்ட் வந்து நிக்கும்.

தலையங்கமா? எழுதினோமே. எங்க ஆசிரியர் நல்ல மனுஷன், நேத்துகூட எழுதினார். தேடலைத் தொடர்ந்தே ஆகணும், கம்பெனி பதில் சொல்லியே ஆகணும். மஸ்ட், மஸ்ட், மஸ்ட். அந்த வார்த்தை எங்க பேப்பர்ல நடுப்பக்கத்துல மட்டுந்தான் நடமாடும். செய்தில போட்டா வெட்டிடுவோம், ஆகணும்னு சொல்ல நீ யாருன்னு. அங்க போட்டா யாரும் கண்டுக்க மாட்டாங்க. போன மழைக்காலத்துல இதே சுரங்கத்துல தண்ணி கசியுதுன்னு செய்தி வந்து, தலையங்கத்துல மஸ்ட் போட்டோம், பாறையச் சோதிச்சே ஆகணும்னு. என்ன ஆச்சு? அதே ஆசிரியர் வீட்டுக் குழாய் ஒழுகி ஒரு வருஷமாச்சு, மாத்தியே ஆகணும் மாத்தியே ஆகணும்னு அவர் மனைவிகிட்ட சொல்லிட்டேதான் இருக்கார். மஸ்டால ஒரு குழாயக்கூட மாத்த முடியல ஐயா. மெஷின ஓட வச்சுட்டிருக்கறது உங்க மேதான்.

இன்னொரு மஸ்ட் பாத்தேன் அங்க. சுரங்க வாசல்ல பெரிய பலகை. தொழிலாளர்கள் தலைக்கவசம் அணிந்தே ஆக வேண்டும், கையெழுத்துப் போட்டே ஆக வேண்டும், உத்தரவுக்குக் கீழ்ப்படிந்தே ஆக வேண்டும். கீழ ஒரு ஓரத்துல பொடி எழுத்துல, நிர்வாகம் தேவைப்பட்டால் பாதுகாப்பு வசதிகளைச் செய்து தரலாம். தரலாமாம். உள்ள போறவனுக்கு எல்லாம் ஆகணும், வெளில உக்கார்றவனுக்கு எல்லாம் லாம்.

ஆமா, நான் போயிருந்தேன். டெஸ்க்ல இருக்கறவங்க போறதில்லதான். லீவு போட்டுட்டுப் போனேன். சும்மாதான். தினமும் எழுதறமே, எடம் எப்படி இருக்குன்னு பாக்கலாம்னு.

பாத்தா ஒண்ணுமே இல்ல. சேறு, விளக்கு, ஜெனரேட்டர் சத்தம். ஒரு டார்ப்பாய் கட்டி கீழ உள்ள மாட்டினவங்களோட வீட்டு ஆளுங்க உக்காந்திருக்காங்க. யாரும் அழுதுட்டெல்லாம் இல்ல, டிவில வந்த அழுகை எல்லாம் மொத நாளோட சரி. துளை போடற மெஷின் சத்தம் இருக்கறவரைக்கும் சும்மா பேசிட்டு, கால நீட்டி, பிஸ்கட் பிரிச்சுத் தின்னுட்டு இருக்காங்க. மெஷினுக்குப் பல்லு மாத்தறதுக்கு நடுவுல ஒரு தடவை நிறுத்தினாங்க. அத்தனை பேரும் சட்டுன்னு தலையத் தூக்கிட்டாங்க. ஒரு கைக்குழந்தைகூடச் சத்தம் போடல. திரும்ப மெஷின் ஓடற வரைக்கும் யாரும் தலையக் கீழ எறக்கல. அத நீங்க பாத்திருக்கணும் ஐயா.

சொல்லுங்க. இல்ல, சொல்லுங்க, கேக்கறேன்.

ம்.

சரி. நீங்க சொல்றதுல தப்பில்ல. குழாய் நசுங்கியிருந்தா காத்துப் போகாது. இத்தனை நாள் ஆச்சு. உங்க மனசுல இல்லாதத எப்படிப் பேரோட சொல்றதுன்னு கேக்கறீங்க. ஆனா குழாய் நசுங்கிடுச்சுன்னு உங்களுக்கு நிச்சயமாத் தெரியுமா? தெரியாதுல்ல. நசுங்காம இருந்திருந்தா? அவ்ளோதான். இருக்காங்கன்னு நான் கேக்கவே இல்லியே. நிச்சயம்னு ஒரு வார்த்தைய உங்க வாயில நான் திணிக்க மாட்டேன். லாம்னு சொன்னவன் எவனும் இதுவரைக்கும் பொய் சொன்னதா ஆனதில்ல. அந்த வார்த்தைக்கு அப்படி ஒரு சௌகரியம் இருக்கு. மந்திரிங்க எல்லாம் அதுக்குள்ள ஒளிஞ்சுக்கறாங்க. ஆறு தொழிலாளிக்கு ஒரு தடவை எடம் குடுத்தா என்ன?

மருமகனா? தெரியும். அந்தக் கம்பெனிலதான் இருக்கார்னு ரிப்போர்ட்டர் சொன்னார். அவர மேலதிகாரி கூப்பிட்டு, உங்க மாமனார் பேப்பர்ல நிறையப் பேசறாரேன்னு சிரிச்சுக்கிட்டே கேட்டிருப்பாங்க. மிரட்டியிருக்க மாட்டாங்க. மிரட்டினா எங்களுக்குச் செய்தி ஆயிடும்ல. அம்மா, நீங்க ஏன் உள்ள போறீங்க, இருங்க. உங்க பொண்ணு வாழ்க்கைல மண்ணள்ளிப் போட நான் வரல. போட்டுடுவாங்களோன்னு நீங்க பயப்படறது நியாயம். மருமகன் வேலை போகாதுன்னு நான் சொன்னா அது பொய். போகலாம். போகாமலும் இருக்கலாம். பாருங்க, எனக்கும் அதே பேச்சு வந்துடுச்சு.

பாவமா? அந்த ஜனங்களுக்குப் பொய் நம்பிக்கை குடுக்கறது பாவம்ங்கறீங்க. நானும் அத யோசிச்சேன், படுத்துத் தூக்கம் வராம யோசிச்சேன். ஐயா, அவங்க எங்க பேப்பரப் படிக்கறதில்ல. அவங்கள்ல யாருக்கும் இங்கிலீஷ் படிக்க வராது. நீங்க சொல்ற மே அவங்க காதுக்குப் போகவே போகாது. அதப் படிக்கறது எல்லாம் மெஷினோட சுவிட்சு மேல கை வச்சிருக்கறவங்க. அதிகாரி, கம்பெனி முதலாளி, அவனுக்குக் கடன் குடுத்த வங்கிக்காரன். அந்தக் கைய இன்னும் ரெண்டு நாள் தள்ளி வைக்கணும், அவ்ளோதான். வீட்டு ஆளுங்க நம்பிக்கைக்காகவா உக்காந்திருக்காங்க? உசுரோட வந்தா வரட்டும், இல்லேன்னா பொணமாவாவது வெளில வரட்டும். கான்கிரீட்டுக்குள்ள போட்டு மேல ரயில் விட்டுடக் கூடாது. ரயில் போற ஒவ்வொரு தடவையும் அவன் மேலதானே போகுதுன்னு மிச்ச காலம் பூரா உக்காந்திருக்க முடியுமா. எடுத்துக் குடுத்துட்டா அழுது முடிச்சிட்டு எழுந்திரிக்கலாம். அதுக்குத்தான் உக்காந்திருக்காங்க.

எப்படித் தெரியும்னா, எங்கம்மா சொன்னாங்க. அங்கதான் இருக்காங்க, டார்ப்பாய்ல, தூணுக்குப் பக்கத்துல, பச்சைப் போர்வை போத்திக்கிட்டு.

சொல்லலியா நான்? சொல்லியிருக்க மாட்டேன். உள்ள மாட்டின ஆறு பேர்ல துளை மெஷின் ஓட்டறவன் என் தம்பி. மண்டூன்னு கூப்பிடுவோம் வீட்ல, படிப்பு ஏறலேன்னு. பதிலுக்கு அவன் என்னைப் பேப்பர்காரின்னு கூப்பிடுவான். ஆபீஸ்ல யாருக்கும் தெரியாது. தெரிஞ்சா செய்திய என் கைலேர்ந்து வாங்கிடுவாங்க, சொந்தக்காரங்க கை வைக்கக் கூடாதுன்னு சட்டம். நல்ல சட்டந்தான், நானே ரெண்டு பேருக்கு அத எடுத்துச் சொல்லி செய்திய வாங்கியிருக்கேன். இப்ப வாங்கினா அது நேரா கத்திரிக்கோல் மேசைக்குப் போகும். அதனால வாயத் தெறக்காம தினமும் போய் உக்காந்து, தம்பி பேருக்குப் பக்கத்துல கமா சரியா விழுந்திருக்கான்னு பாத்துட்டு வர்றேன். வயசு போடற எடத்துல ரிப்போர்ட்டர் தப்பாப் போட்டிருந்தார். திருத்தினேன். உனக்கு எப்படித் தெரியும்னு நல்லவேளை யாரும் கேக்கல.

அழலீங்க. தூசி. அம்மா, நீங்க உக்காருங்கம்மா, எனக்கு ஒண்ணும் இல்ல.

என்ன சொன்னீங்க?

இருங்க, இருங்க ஐயா, பேனா எடுத்துக்கறேன். இப்ப சொல்லுங்க. காத்துக் குழாய் நசுங்காம இருந்தா. ம். ஒதுங்கற அறைக்குள்ள போயிருந்தா. ம். இன்னமும் உயிரோட இருக்கலாம். இருக்கலாம். பேரோடயா? பேரோடதானே? மருமகனுக்கு நீங்களே பேசிக்கறேங்கறீங்க. சரி. சரிங்க ஐயா. அம்மாவப் பாத்துக் கேட்டுக்கங்க. தலைய ஆட்டறாங்க. சரி.

இருங்க, ஒரு தடவை படிச்சுக் காட்டிடறேன், அதுவும் வழக்கம். ஆங். சரியா இருக்கா? போதும் ஐயா. இது போதும். இன்னிக்குப் பக்கம் நிக்கும்.

கிளம்பறேன். செருப்பு வெளில விட்டேன்ல.

ஐயா, ஒண்ணே ஒண்ணு. இப்ப நீங்க சொன்னது பேப்பருக்கு. எழுதியாச்சு, பேனாவ மூடிட்டேன், இது எங்கயும் வராது. அந்தக் குழாய வரைஞ்சவர் நீங்க, உங்களுக்குத்தான் தெரியும். இத்தனை வருஷமா மே போட்டுப் போட்டு, அந்த வார்த்தைக்கு அர்த்தம் இருக்கான்னே எனக்கு மறந்து போச்சு. பேப்பருக்கு இல்லாம, என்னப் பாத்துச் சொல்லுங்க. நிஜமாவே இருக்கலாமா?

வேணாம். வேணாம் ஐயா, வாயத் தெறக்காதீங்க. உங்க மூஞ்சியத் திருப்பிக்கங்க. நான் கேக்கவே இல்லேன்னு வச்சுக்கங்க. நாளைக்குக் காலைல பேப்பர்லயே படிச்சுக்கறேன்.